களைத்த கண்ணுக்குப் பிழை தெரியாது



பதிவு கொஞ்சம் நீளம். நேரம் கிடைக்கும்போது ஆறுதலாக வாசியுங்கள். உங்கள் வீட்டில் கணினித் துறையில் வேலை செய்யும் ஒரு மகனோ மகளோ இருந்தால், கடைசி வரை வாசித்து விடுங்கள்.

நோன்புப் பெருநாள் லீவில் ஊருக்கு வந்திருந்த பழைய மாணவர் ஒருவர், பெருநாள் மூன்றாம் நாள் அஸருக்குப் பிறகு எம்மைப் பார்க்க வீட்டுக்கு வந்தார். கொழும்பில் ஒரு மென்பொருள் கம்பனியில் நான்கு வருடமாக வேலை. சாதாரண தரத்தில் எமது வரலாற்று வகுப்பில் இருந்தவர். ஆண்டைக் கேட்டால் காரணத்தையும் சேர்த்துச் சொல்லும் பிள்ளை. இப்போது கண்ணுக்குக் கீழே கறுத்துப் போயிருந்தது. முன்னால் வைத்த வட்டிலப்பத்தைக் கூடத் தொடவில்லை.

விசாரித்தோம். வெளிநாட்டு வாடிக்கையாளர்களுடன் கூட்டம் இரவு பத்து மணிக்குத்தான் தொடங்குமாம். காலையில் வழமையான வேலையும் இருக்கிறது. ரமழானில் ஒரு நாள், இருபது மணித்தியாலம் விழித்திருந்த பிறகு, சஹர் நேரத்தில் ஒரு கட்டளையைத் தவறான சேர்வரில் கொடுத்துவிட்டார். வாடிக்கையாளரின் தரவில் ஒரு பகுதி அழிந்து போனது. காப்புப் பிரதி இருந்தபடியால் அன்றே மீட்டுவிட்டார்கள். ஆனால் அடுத்த கூட்டத்தில் எல்லோருக்கும் முன்னால் அவருடைய பெயர் சொல்லப்பட்டது. காரணம்: "கவனக்குறைவு".

"சேர், எனக்கு இந்த வேலை சரிவராதோ?" என்று கேட்டார். வாப்பாவிடம் சொன்னால், "இந்தச் சம்பளம் ஊரில் யாருக்குக் கிடைக்குது? பொறுத்துக்கொள் மகன்" என்கிறாராம்.

அன்று நாம் சொன்ன பதில் அரைகுறையானது. கணினி எமது பாடம் அல்ல. ஆனால் எல்லாத் துறைக்கும் ஒரு வரலாறு இருக்கிறது. ஒரு சம்பவம் நடந்தால் "யார் செய்தது?" என்பதோடு நிற்காமல் "ஏன் நடந்தது?" என்று கேட்க வேண்டும் என வகுப்பில் சொல்லிக் கொடுத்தவர்கள் நாம்தானே. அதனால் மென்பொருள் துறையின் பெரிய பிழைகளைத் தேடிப் படித்தோம். அந்தத் தம்பிக்கு அன்று சொல்லியிருக்க வேண்டிய பதிலை இப்போது எழுதுகிறோம்.

ஆயிரம் பேர் சேர்ந்தும் நேரத்துக்கு முடியாத வேலை

1964 ஏப்ரலில் ஐ.பி.எம். கம்பனி சிஸ்டம்/360 என்ற புதிய கணினி வரிசையை அறிவித்தது. அதற்குத் தேவையான இயக்கு மென்பொருளை உருவாக்கும் பொறுப்பு ஃபிரெட் புரூக்ஸ் என்பவரிடம் இருந்தது. ஒரு கட்டத்தில் ஆயிரத்துக்கும் மேற்பட்டவர்கள் அதில் வேலை செய்தார்கள். அப்படியும் வேலை பிந்தியது. மதிப்பிட்ட செலவு பல மடங்கானது. நினைத்ததைவிடக் கூடுதலான நினைவகத்தையும் அது பிடித்துக்கொண்டது.

புரூக்ஸ் பிறகு பல்கலைக்கழக ஆசிரியரானார். தன் அனுபவத்தை, தான் விட்ட பிழைகளையும் மறைக்காமல், 1975இல் ஒரு நூலாக எழுதினார். அதில் உள்ள ஒரு கருத்து இன்று "புரூக்ஸின் விதி" என்று உலகம் முழுக்க அறியப்படுகிறது. பிந்திப்போன மென்பொருள் வேலைக்கு இன்னும் ஆட்களைச் சேர்த்தால், அது இன்னும் பிந்தும் என்பதே அது.

ஏன் அப்படி? வலீமாச் சாப்பாட்டை நினைத்துப் பாருங்கள். வெங்காயம் உரிக்கப் பத்துப் பேர் இருந்தால் வேலை சீக்கிரம் முடியும். ஆனால் சட்டியைச் சுற்றிப் பத்துப் பேர் நின்றாலும் சோறு வேக எடுக்கும் நேரம் எடுத்தே தீரும். மென்பொருளில் கணிசமான பகுதி இந்த இரண்டாவது வகை. அத்தோடு, புதிதாக வருபவருக்கு வேலையை விளங்கப்படுத்த, ஏற்கெனவே வேலை செய்து கொண்டிருப்பவர் தன் வேலையை நிறுத்த வேண்டும். கணக்கும் இருக்கிறது. மூன்று பேர் ஒருவரோடு ஒருவர் கதைத்து வேலை செய்தால் மூன்று தொடர்புகள். பத்துப் பேர் என்றால் 45. ஐம்பது பேர் என்றால் 1,225. ஒவ்வொரு தொடர்பிலும் ஒரு விளக்கக் குறைவுக்கு இடம் இருக்கிறது.

1968 ஒக்டோபரில் ஜேர்மனியின் கார்மிஷ் நகரில் நேட்டோ அமைப்பின் ஆதரவில் ஒரு மாநாடு நடந்தது. சுமார் 50 நிபுணர்கள் கூடினார்கள். மென்பொருள் வேலைகள் ஏன் இப்படிப் பிந்துகின்றன, ஏன் இவ்வளவு பிழைகள் வருகின்றன என்பதுதான் பேச்சு. "மென்பொருள் நெருக்கடி" என்ற சொல்லும், "மென்பொருள் பொறியியல்" என்ற பெயரும் இந்த மாநாட்டோடுதான் பரவின. அப்படியென்றால் எமது பிள்ளைகள் இன்று படும் பாடு புதிதல்ல. அரை நூற்றாண்டுக்கு முன்பே அந்தத் துறையின் பெரியவர்கள் ஒப்புக்கொண்ட பிரச்சினை அது.

சாட்சி இல்லாத கணக்கு

அடுத்த சம்பவத்தைப் படித்த இரவு எமக்கு நித்திரை வரவில்லை.

கனடாவின் அரச நிறுவனமான ஏ.ஈ.சி.எல்., புற்றுநோயாளிகளுக்குக் கதிர்வீச்சுச் சிகிச்சை கொடுக்கும் தெரக்-25 என்ற இயந்திரத்தைச் செய்தது. மொத்தம் 11 இயந்திரங்கள் அமெரிக்காவிலும் கனடாவிலும் பொருத்தப்பட்டன. 1985 ஜூன் முதல் 1987 ஜனவரி வரை அவை ஆறு நோயாளிகளுக்கு அளவுக்கு மிக மிக அதிகமான கதிர்வீச்சைக் கொடுத்தன. ஒரு தடவைக்குச் சுமார் 200 ராட் கொடுப்பது வழமை. அவர்களில் சிலருக்குப் பத்தாயிரத்துக்கும் மேல் போயிருக்கும் என்று பின்னர் மதிப்பிடப்பட்டது. குறைந்தது மூன்று பேர் அதனால் இறந்தார்கள்.

அதற்கு முந்திய இயந்திரமான தெரக்-20இல், கதிரின் அளவு எல்லை மீறாமல் தடுக்கத் தனியான பாதுகாப்புச் சுற்றுகள் இருந்தன. மென்பொருள் பிழைத்தாலும் ஃபியூஸ் எரிந்து இயந்திரம் நின்றுவிடும். புதிய இயந்திரத்தில் "மென்பொருள் பார்த்துக்கொள்ளும்" என்று அந்தத் தடுப்புகளை எடுத்துவிட்டார்கள். அந்த மென்பொருளையோ பல வருடங்களாக ஒரே ஒருவர்தான் எழுதி வந்திருக்கிறார். அதைத் தனியாக எடுத்து முறையாகச் சோதித்தது மிகக் குறைவு. எழுதி வைத்த ஆவணங்களும் குறைவு.

டெக்சாஸின் டைலர் நகரில் 1986 மார்ச்சில் நடந்ததைக் கேளுங்கள். இயந்திரத்தை இயக்கும் பெண், இலத்திரன் கதிருக்கான "ஈ" எழுத்துக்குப் பதிலாக எக்ஸ்ரே கதிருக்கான "எக்ஸ்" எழுத்தை அழுத்திவிட்டார். உடனே கண்டு திருத்தினார். நல்ல பழக்கம் உள்ளவர் என்பதால் மளமளவென்று திருத்தி முடித்தார். அந்த வேகம்தான் பிரச்சினை. இயந்திரம் தன் காந்தங்களைச் சரிப்படுத்த எடுக்கும் சுமார் எட்டுச் செக்கனுக்குள் திருத்தம் முடிந்தால், திரையில் சரியான எழுத்து தெரியும். உள்ளே அமைப்பு தவறாகவே இருக்கும். திரையில் "பிழை 54" என்று மட்டும் வந்தது. அதன் அர்த்தம் இயக்குபவருக்கு விளங்கும்படி கைந்நூலில் இருக்கவில்லை. சின்னச் சின்னப் பிழை அறிவிப்புகள் அந்த இயந்திரத்தில் அடிக்கடி வருவது வழமை. "தொடர்" என்ற விசையை அழுத்தினால் வேலை நடக்கும். அவரும் அழுத்தினார்.

முதலில் கம்பனி என்ன சொன்னது தெரியுமா? இந்த இயந்திரம் அளவுக்கு மீறிக் கொடுக்கவே முடியாது என்றது. சில கிழமைகளில் அதே வைத்தியசாலையில், அதே "பிழை 54" உடன், இன்னொரு நோயாளிக்கும் அதுவே நடந்தது. இந்த முறை அந்த வைத்தியசாலையின் பௌதிகவியலாளரும் அந்தப் பெண்ணும் சேர்ந்து உட்கார்ந்தார்கள். தான் எப்படி அழுத்தினார், எவ்வளவு வேகத்தில் அழுத்தினார் என்று அவர் நினைவுபடுத்திச் சொல்ல, இருவருமாகத் திரும்பத் திரும்பச் செய்து பார்த்துப் பிழையைத் தாங்களாகவே வரவழைத்துக் காட்டினார்கள். கம்பனியால் கண்டுபிடிக்க முடியாததை, இயந்திரத்தின் முன் உட்கார்ந்து வேலை செய்தவரின் நினைவு கண்டுபிடித்தது.

அந்தப் பெண்ணை "கவனக்குறைவு" என்று சொல்லி வேலையை விட்டு நிறுத்தியிருந்தால், அந்தப் பிழை இன்னும் எத்தனை பேரை எடுத்திருக்குமோ.

கொடுக்கல் வாங்கலை எழுதி வைக்கும்படியும், அதற்குச் சாட்சி வைக்கும்படியும் மார்க்கம் எமக்குக் கற்றுத் தந்திருக்கிறது. மனிதன் மறப்பவன், தவறுபவன். ஒருவர் மறந்தால் மற்றவர் நினைவூட்ட வேண்டும். இரண்டு நண்பர்களுக்கிடையிலான கடனுக்கே அந்த ஏற்பாடு இருக்கும்போது, ஒரு நோயாளியின் உயிரைத் தாங்கும் மென்பொருளை ஒற்றை ஆளின் கண்ணை நம்பி விட்டார்கள்.

இரண்டு சாட்சி, ஒரே வாக்குமூலம்

சாட்சி இருந்தால் மட்டும் போதுமா? 1996 ஜூன் 4ஆம் திகதி நடந்தது அதற்குப் பதில் சொல்கிறது.

ஐரோப்பாவின் ஏரியன்-5 ரொக்கெட்டின் முதல் பயணம். தென் அமெரிக்காவின் பிரெஞ்சு கயானாவிலிருந்து புறப்பட்டுச் சுமார் 40 செக்கனில் வழி தவறி உடைந்து சிதறியது. அதில் இருந்த நான்கு ஆய்வுச் செய்மதிகளும் போயின.

காரணம் ஓர் எண். பழைய ஏரியன்-4 ரொக்கெட்டின் மென்பொருள் ஒரு பகுதியை அப்படியே புதியதில் போட்டிருந்தார்கள். அதில் ஒரு பெரிய எண்ணை 16 பிட் இடத்துக்குள் அடக்கும் கணக்கு ஒன்று இருந்தது. அந்த இடத்தில் 32,767க்கு மேல் கொள்ளாது. பழைய ரொக்கெட்டின் பாதையில் எண் அந்த எல்லைக்குள் நின்றது. புதியது வேகமானது. எண் எல்லையைத் தாண்டியதும் கணினி நின்றுவிட்டது. ஒன்று நின்றால் மற்றது பார்த்துக்கொள்ளட்டும் என்று இரண்டாவது கணினியும் வைத்திருந்தார்கள். ஆனால் இரண்டிலும் இருந்தது ஒரே மென்பொருள். அதனால் இரண்டும் ஒரே காரணத்துக்காக நின்றன. ஒருவர் சொன்னதை மற்றவர் பார்த்து எழுதினால் அதற்குப் பெயர் சாட்சியா? பரீட்சை மண்டபத்தில் அதற்கு நாம் வேறு பெயர் வைத்திருக்கிறோம்.

இதில் இன்னொரு வேதனையும் உண்டு. அந்தக் கணக்கு, ரொக்கெட் தரையை விட்டுக் கிளம்பிய பின் ஏரியன்-5க்குத் தேவையே இல்லாதது. "முன்பு ஓடியதுதானே, இருக்கட்டும்" என்று விட்டிருந்தார்கள்.

தேவையில்லாத பழைய கோட் விட்டு வைத்ததால் அழிந்த இன்னொரு கதை 2012 ஓகஸ்ட் முதலாம் திகதி நியூயோர்க் பங்குச் சந்தையில் நடந்தது. நைட் கெப்பிற்றல் என்ற பெரிய வர்த்தகக் கம்பனி தன் எட்டுச் சேர்வர்களில் புதிய மென்பொருளைப் போட்டது. ஒரு சேர்வரில் மட்டும் அது போடப்படாமல் தவறிவிட்டது. அந்தச் சேர்வரில் பல வருடங்களாகப் பயன்படுத்தாத ஒரு பழைய புரோகிராம் இருந்தது. சந்தை திறந்ததும் அது உயிர் பெற்று, கண்டபடி பங்குகளை வாங்கவும் விற்கவும் தொடங்கியது. பதற்றத்தில் ஒரு திருத்தம் செய்தார்கள். சரியாக இருந்த ஏழு சேர்வர்களிலிருந்தும் புதிய மென்பொருளை எடுத்துவிட்டார்கள்! அதனால் மற்ற ஏழும் பழைய புரோகிராமையே ஓட்டத் தொடங்கின. சுமார் 45 நிமிடத்தில் 440 மில்லியன் டொலருக்கு மேல் நட்டம். அடுத்த வருடமே அந்தக் கம்பனி இன்னொன்றோடு இணைக்கப்பட்டது.

இதை விசாரித்த அமெரிக்கப் பங்குச் சந்தை ஆணைக்குழு ஒரு விடயத்தை எழுதி வைத்தது. எட்டுச் சேர்வர்களிலும் மென்பொருள் போடப்பட்டிருக்கிறதா என்று இரண்டாவது ஒருவர் சரிபார்க்கும் முறையே அந்தக் கம்பனியில் இருக்கவில்லை. சந்தை திறப்பதற்கு முன்பே கணினி பிழையைச் சுட்டும் 97 மின்னஞ்சல்களை அனுப்பியிருந்தது. அவற்றை உடனே பார்க்க வேண்டியவர் யார் என்றும் யாருக்கும் பொறுப்புக் கொடுக்கப்பட்டிருக்கவில்லை.

எமது மாணவர் இந்த இடத்தைக் கவனிக்க வேண்டும். ஒரு தவறிய கட்டளை ஒரு கம்பனியை விழுத்தலாம் என்றால், ஒரே ஆள் தனியாக அப்படியொரு கட்டளையைக் கொடுக்க விட்ட ஏற்பாட்டைத்தான் முதலில் திருத்த வேண்டும்.

நித்திரை விற்று வாங்கிய வேகம்

2004 நவம்பரில், அமெரிக்காவின் பிரபல வீடியோ கேம் கம்பனியான இலக்ட்ரோனிக் ஆர்ட்ஸில் வேலை செய்த ஒருவருக்கு நிச்சயிக்கப்பட்டிருந்த பெண், பெயர் போடாமல் இணையத்தில் ஒரு கடிதம் எழுதினார். தன் வருங்காலக் கணவரும் அவரோடு வேலை செய்பவர்களும் காலை 9 மணி முதல் இரவு 10 மணி வரை, கிழமையில் ஏழு நாளும் வேலை செய்கிறார்கள் என்றும், மேலதிக நேரக் கொடுப்பனவோ அதற்குப் பதில் லீவோ இல்லை என்றும் அதில் இருந்தது. உலகம் முழுக்க மென்பொருள் துறையினர் அதை வாசித்து "இது எங்கள் வீட்டுக் கதை" என்றார்கள். ஊழியர்கள் தொடுத்த வழக்குகளில் அந்தக் கம்பனி வரைகலைஞர்களுக்கு 15.6 மில்லியன் டொலரும், புரோகிராமர்களுக்கு 14.9 மில்லியன் டொலரும் கொடுத்து இணக்கத்துக்கு வந்தது.

பிழையைப் பற்றிய கட்டுரையில் இது ஏன் என்று கேட்கலாம். இரண்டும் ஒரே கயிற்றின் இரண்டு முனைகள். விடைத்தாள் திருத்தும் ஆசிரியர்களுக்கு இது நன்றாகத் தெரியும். முதல் இருபது தாளில் தெரிந்த பிழை, நள்ளிரவில் எழுபதாவது தாளில் கண்ணுக்குப் படாது. பிள்ளையின் பிழை அப்படியே இருக்கிறது, எமது கண்தான் களைத்துவிட்டது. கோட் எழுதுபவரும் அப்படித்தான். களைத்த மூளையோடு இரவில் மூன்று மணித்தியாலம் எழுதியதைத் திருத்த, அடுத்த இரண்டு நாள் போகிறது. வேலை முன்னால் போனது போல இருக்கும், உண்மையில் பின்னால் போயிருக்கும்.

இதை அந்தத் துறையில் உள்ளவர்களே முன்பே கண்டிருந்தார்கள். 1990களின் பிற்பகுதியில் கென்ட் பெக் என்பவரும் அவரது கூட்டாளிகளும் கிறைஸ்லர் வாகனக் கம்பனியின் சம்பளக் கணக்கு மென்பொருளைச் செய்தபோது சில பழக்கங்களைக் கைக்கொண்டார்கள். இரண்டு பேர் ஒரே கணினியின் முன் உட்கார்ந்து, ஒருவர் எழுத மற்றவர் பார்ப்பது அவற்றில் ஒன்று. கிழமைக்கு 40 மணித்தியாலம் என்பது இன்னொன்று. அவசரம் என்றால் ஒரு கிழமை கூடுதலாக வேலை செய்யலாம். அடுத்த கிழமையும் தேவைப்பட்டால், திட்டத்தில் ஏதோ கோளாறு இருக்கிறது என்று அர்த்தம். பார்க்க வேண்டியது திட்டத்தை. 2001 பெப்ரவரியில் அமெரிக்காவின் யூட்டா மாநிலத்தில் 17 பேர் கூடி எழுதிய அஜைல் பிரகடனத்தின் கொள்கைகளிலும், எப்போதும் தாக்குப்பிடிக்கக் கூடிய சீரான வேகத்தில் வேலை செய்ய வேண்டும் என்பது இடம் பிடித்தது.

இன்று எமது பிள்ளைகள் வேலை செய்யும் கம்பனிகளில் பலவும் "நாங்கள் அஜைல் முறையில் வேலை செய்கிறோம்" என்று சொல்கின்றன. அந்தக் கொள்கைகளில் இதுவும் ஒன்று என்பதை எத்தனை பேர் நினைவில் வைத்திருக்கிறார்களோ.

அரைச் செக்கன் தாமதம்

கடைசியாக இரண்டு சம்பவங்கள். இரண்டும் இலவசமாகப் பொதுவுக்கு விடப்பட்ட மென்பொருட்கள் பற்றியவை. ஸதகா போலச் சிலர் தங்கள் நேரத்தைச் செலவழித்து எழுதுவது, உலகம் முழுக்கப் பாவிப்பது.

வங்கி இணையத்தளத்தில் கடவுச்சொல்லை அடிக்கும்போது அதை இரகசியமாக்கி அனுப்பும் மென்பொருட்களில் ஓப்பன் எஸ்.எஸ்.எல். முக்கியமானது. 2014 ஏப்ரலில் அதில் "ஹார்ட்பிளீட்" என்ற பெரிய ஓட்டை கண்டுபிடிக்கப்பட்டது. அந்தப் பிழை உள்ளே சேர்ந்தது 2011 டிசம்பர் 31ஆம் திகதி, புத்தாண்டுக்கு முந்திய இரவில். எழுதியவர் ஒருவர். சரிபார்த்தவர் இன்னொருவர். இருவர் கண்ணுக்கும் படவில்லை. ஆக, இங்கே இரண்டாவது சாட்சியும் இருந்தார். ஆனால் உலகின் கணிசமான இணையத்தளங்கள் தங்கியிருந்த அந்த மென்பொருளுக்கு முழுநேரமாக வேலை செய்தவர் ஒருவர்தான். அதற்கு வந்த நன்கொடை வருடத்துக்குச் சுமார் 2,000 டொலர். சுமையைத் தாங்க முடியாதவரைச் சாட்சிக்கு நிறுத்தினால் அவருக்கும் தெரியாது. ஓட்டை வெளியே வந்த பிறகுதான் பெரிய கம்பனிகள் ஒன்றுசேர்ந்து பணம் ஒதுக்கின.

அடுத்த சம்பவம் 2024 மார்ச் 29, வெள்ளிக்கிழமை வெளியே வந்தது. நாமெல்லாம் ரமழானில் இருந்த நாள்.

எக்ஸ்.இஸட். யூட்டில்ஸ் என்பது கோப்புகளைச் சுருக்கும் ஒரு சின்ன மென்பொருள். லினக்ஸ் பாவிக்கும் கணினிகளில் கிட்டத்தட்ட எல்லாவற்றிலும் இருக்கும். அதைப் பல வருடமாகச் சம்பளம் இல்லாமல் பராமரித்து வந்தவர் பின்லாந்தைச் சேர்ந்த ஒரு தனி மனிதர். 2022இல், முன்பின் தெரியாத சில பெயர்களில் இருந்து அவருக்கு அழுத்தம் வரத் தொடங்கியது. ஏன் இவ்வளவு தாமதம், முடியாவிட்டால் வேறு ஆளிடம் கொடுக்க வேண்டியதுதானே என்றார்கள். அவர் பகிரங்கமாகவே பதில் எழுதினார். நீண்ட காலமாக மனநலப் பிரச்சினை இருப்பதையும், இது சம்பளம் இல்லாத பொழுதுபோக்கு வேலை என்பதையும் சொன்னார். அந்த நேரத்தில் ஜியா டான் என்ற பெயரில் ஒருவர் மிகப் பொறுமையாக, நல்ல பிள்ளை போல உதவிக்கு வந்தார். நாளடைவில் பொறுப்பும் அவர் கைக்குப் போனது. இரண்டு வருடத்துக்கு மேல் காத்திருந்து, 2024 தொடக்கத்தில் வெளியிட்ட பதிப்புகளில் ஒரு கள்ளக் கதவை ஒளித்து வைத்தார். அது பரவியிருந்தால் உலகின் எண்ணற்ற சேர்வர்களுக்குள் அந்தக் கதவால் நுழைந்திருக்கலாம். அந்தப் பெயருக்குப் பின்னால் இருந்தது யார் என்பது இன்றுவரை வெளிவரவில்லை.

காப்பாற்றியது எது தெரியுமா? மைக்ரோசொஃப்டில் வேலை செய்யும் அன்ட்ரெஸ் ஃபிராய்ண்ட் என்ற பொறியியலாளர், வேறொரு சோதனையைச் செய்துகொண்டிருந்தபோது, சேர்வருக்குள் நுழைய வழமையைவிட அரைச் செக்கன் கூடுதலாக எடுப்பதைக் கவனித்தார். அரைச் செக்கன்! வேறு யாரும் "ஏதோ இன்டர்நெட் கொஞ்சம் ஸ்லோ" என்று விட்டிருப்பார்கள். அவர் விடாமல் தேடிப் போய்க் கதவைக் கண்டுபிடித்து உலகுக்குச் சொன்னார்.

இந்த இரண்டு மனிதர்களையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். ஒருவர் களைத்து, தனித்து, குற்றம் சொல்லப்பட்டு நின்றார். அந்த இடத்தால் கள்ளன் நுழைந்தான். மற்றவருக்கு ஒரு சின்ன விடயம் உறுத்தியது. அதன் பின்னால் போக நேரமும் தெளிவான மனமும் இருந்தன. அந்த இடத்தில் கள்ளன் பிடிபட்டான். முன்னவரை நாம் குறை சொல்லவில்லை. அவர் உலகத்துக்கு இலவசமாகக் கொடுத்தவர். அவருக்குத் தோள் கொடுக்க உலகம் வரவில்லை, கள்ளன் வந்தான்.

எமது பிள்ளைகளுக்கும் பெற்றோருக்கும்

தம்பி, நீங்கள் கேட்ட கேள்விக்கு வருகிறோம். இந்த வேலை உங்களுக்குச் சரிவரும். இருபது மணித்தியாலம் விழித்திருந்து, தனி ஆளாக, யாரும் பார்க்காமல் செய்வதுதான் யாருக்கும் சரிவராது. ரொக்கெட் அனுப்பியவர்களுக்கும் வராது.

இந்தத் துறையில் இருக்கும் எமது பிள்ளைகள் எல்லோருக்கும் சிலவற்றைச் சொல்கிறோம். எவ்வளவு சின்ன மாற்றமானாலும் இன்னொருவருக்குக் காட்டாமல் விடாதீர்கள். காட்டுபவர் உங்களைப் போலவே களைத்தவராக இல்லாமல் பார்த்துக்கொள்ளுங்கள். தரவை அழிக்கும் எந்தக் கட்டளையையும் இரவு பின்னேரத்தில் தனியாகக் கொடுக்காதீர்கள். காலை வரை பொறுக்க முடியாது என்றால், தொலைபேசியில் இன்னொருவரை வைத்துக்கொண்டு, செய்யப் போவதை வாயால் சொல்லிவிட்டுச் செய்யுங்கள். பாவிக்காத பழைய கோட் இருந்தால் எடுத்துவிடுங்கள். பிழை விட்டால் மறைக்காமல் உடனே சொல்லுங்கள், என்ன நடந்தது என்று எழுதியும் வையுங்கள். டைலர் நகரத்து அந்தப் பெண்ணின் நினைவு போல, உங்கள் குறிப்பு இன்னொருவரைக் காப்பாற்றக்கூடும். முடியாத திகதிக்கு "ஓம்" என்று தலையாட்டாதீர்கள். முடியாது என்று முதல் நாளே சொல்வது நேர்மை. கடைசி நாளில் சொல்வது எல்லோருக்கும் நட்டம்.

உங்களில் சிலர் நாளைக்கு ஒரு குழுவுக்குத் தலைவராவீர்கள், இன்ஷா அல்லாஹ். அன்று ஒரு தம்பி பிழை விட்டுவிட்டு உங்கள் முன்னால் நிற்பார். கூட்டத்தில் அவருடைய பெயரைச் சொல்வதற்கு முன், அவர் கடைசியாக எப்போது நித்திரை கொண்டார் என்று கேளுங்கள்.

பெற்றோர்களே, உங்களிடம் ஒரு வேண்டுகோள். ஊரில் கடையில் நின்று களைத்து வந்தால் களைப்பு கண்ணுக்குத் தெரியும். வயலுக்கோ கடலுக்கோ போய் வந்தால் உடம்பே சொல்லும். கதிரையில் உட்கார்ந்து வேலை செய்பவரின் களைப்பு அப்படித் தெரிவதில்லை. "ஏசி அறையில் இருந்து வேலை செய்பவனுக்கு என்ன கஷ்டம்?" என்று கேட்டு விடாதீர்கள். மாதம் அனுப்பும் காசை எண்ணும்போது, பேசும் குரலையும் கவனியுங்கள். முன்பு சிரித்த பிள்ளை சிரிப்பதில்லையா, சாப்பாடு குறைந்திருக்கிறதா, வெள்ளிக்கிழமை ஜும்ஆவுக்குப் போகக் கூட நேரம் இல்லை என்கிறாரா, பக்கத்தில் உட்கார வைத்துக் கேளுங்கள். தேவைப்பட்டால் வைத்தியரிடம் கூட்டிப் போங்கள். மனதுக்கு வரும் வருத்தமும் வருத்தம்தான். அதற்கு மருந்து எடுப்பதில் வெட்கம் எதுவும் இல்லை. உடம்பு எமக்குத் தரப்பட்ட அமானிதம் என்று மத்ரஸாவில் படித்தவர்கள் நாம். அதன் ஹக்கைக் கொடுக்காமல் சம்பாதிப்பதில் பரக்கத்தை எங்கே தேடுவது?

அந்தத் தம்பியின் வாப்பாவும் இதை வாசிப்பார் என்று எமக்குத் தெரியும். காக்கா, உங்கள் மகன் கவனமில்லாதவர் அல்ல. எமது வகுப்பில் காரணம் கேட்கத் தெரிந்த பிள்ளை அவர். இந்த முறை அவர் ஊருக்கு வந்தால், பொறுத்துக்கொள் என்று சொல்வதற்கு முன் இரண்டு நாள் நன்றாக நித்திரை கொள்ள விடுங்கள். பிறகு இருவரும் வாருங்கள், கதைப்போம். வட்டிலப்பம் செய்து வைக்கச் சொல்கிறோம்.

அல்லாஹ் எமது பிள்ளைகளின் உழைப்பிலும், உடலிலும், உள்ளத்திலும் பரக்கத் செய்வானாக. ஆமீன்.

கொழும்பில், வெளிநாட்டில் இந்தத் துறையில் இருக்கும் பிள்ளைகளின் பெற்றோருக்கு இதைப் பகிர்ந்து விடுங்கள்.